யாலாவுக்குப் போன வருஷம்

யாலா சிகரத்தை விற்கிறவர்கள் ‘முன்அனுபவம் தேவையில்லை’ என்று போட்டுத்தான் விற்பார்கள். நேபாள மலையேற்றச் சங்கத்தின் பட்டியலில் அதன் உயரம் 5,732 மீட்டர். மேலே நின்று ஜி.பி.எஸ். பார்த்தவர்களுக்கோ 5,500ஐ ஒட்டித்தான் காட்டும். மிச்சம் இருநூறு மீட்டர் எங்கே போயிற்று என்று காட்மாண்டு தமேலில் ஏஜென்சி வைத்திருப்பவரைக் கேட்டால் சிரிப்பார். ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளப் பெரிய எண் இருந்தால் உங்களுக்கென்ன கஷ்டம் என்பது அந்தச் சிரிப்பின் அர்த்தம். கைடு கூலி, சாப்பாடு, டென்ட், கயிறு, அனுமதிச்சீட்டு, தேசியப் பூங்கா கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு தொகை. நாம் கொண்டுபோக வேண்டியவை உடுப்பு, மருந்து, ஹெலிகாப்டர் மீட்புக்கும் சேர்த்து எடுத்த பயணக் காப்பீடு. அந்தக் காப்பீட்டுத் தாளின் நகல் கைக்கு வந்த பிறகுதான் பஸ் டிக்கெட்டையே கண்ணில் காட்டுவார்.

இமயமலை ஏறப் போகிறேன் என்றால் நம் ஆட்களுக்கு எவரெஸ்ட் தெரியும், கொஞ்சம் விவரமானவர்களுக்கு அன்னபூர்ணா. லாங்டாங் என்றால் “எங்க இருக்கு?” என்பார்கள். காட்மாண்டுக்கு நேர் வடக்கே, திபெத் எல்லையை ஒட்டி இருக்கிறது. திரிசூலி பஜார், துன்சே வழியாக ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் குலுங்கி ஸ்யாப்ருபேசியில் இறங்கினால், அதற்கப்புறம் நடைதான். 1,500 மீட்டரில் மூங்கிலும் குரங்குகளுமாகத் தொடங்கும் பாதை, ரோடோடென்ட்ரான் காட்டையும் ஊசியிலைக் காட்டையும் தாண்டி, மரமே இல்லாத மேய்ச்சல் வெளிக்கு வந்து சேரும். லாமா ஹோட்டல், கோடாதபேலா, 3,430 மீட்டரில் லாங்டாங் ஊர், 3,870 மீட்டரில் கியான்ஜின் கோம்பா. அதற்கு மேலே ஊர் கிடையாது. 1949இல் டில்மன் என்ற ஆங்கிலேய மலையேறி வந்து போனார். 1950களில் சுவிஸ்காரர்கள் உதவியோடு கியான்ஜினில் சீஸ் தொழிற்சாலை வந்தது. 1976இல் தேசியப் பூங்காவானது. அப்புறம் வீட்டுக்கு வீடு லாட்ஜ். யாக் மேய்த்த குடும்பங்கள் ஆப்பிள் பை சுடக் கற்றுக்கொண்டன.

2015 ஏப்ரலில் நாங்கள் போன குழுவில் கோவையிலிருந்து நான், பெங்களூரிலிருந்து ஒரு கணவன் மனைவி, ஓய்வுபெற்ற ஜெர்மன் ஆசிரியர் ஒருவர். எங்களைக் கூட்டிப்போக எங்களைவிட இரண்டு மடங்கு ஆட்கள். பணம் கொடுத்து மலையேறும்போது இதுதான் முதலில் உறுத்தும், இரண்டாம் நாள் பழகிவிடும்.

கைடு லாங்டாங் ஊர்க்காரர், தமாங் இனத்தவர், நாற்பதைத் தாண்டியவர். அவரை தாஜு என்று கூப்பிட்டோம், அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னை அவர் ‘திதி’ என்பார், அவரைவிட நான் சின்னவள் என்றாலும். கயிறு போட்டு ஏற்றிவிட வந்திருந்தவன் சோலு பக்கத்து ஷெர்ப்பா இளைஞன். முந்தைய வருஷம் ஏப்ரல் 18ஆம் தேதி கும்பு பனியருவியில் சரிவு விழுந்து 16 நேபாளத் தொழிலாளிகள் செத்தபோது அவன் எவரெஸ்ட் அடிவார முகாமில் இருந்தான். அரசாங்கம் முதலில் ஈமச் செலவுக்கென்று குடும்பத்துக்கு 40,000 ரூபாய் அறிவித்ததையும், ஷெர்ப்பாக்கள் கொதித்தெழுந்து அந்தப் பருவமே நின்றுபோனதையும், அதன் பிறகுதான் உயரத்தில் வேலை செய்கிறவர்களின் காப்பீடு 10 லட்சத்திலிருந்து 15 லட்சமாக ஏறியதையும் அவன்தான் சொன்னான். “அம்மா அழுதாள். அதனால் இந்த வருஷம் சின்ன மலை” என்றான்.

ஏறும் வழியில் ஒரு ராத்திரி தாஜுவின் லாட்ஜிலேயே தங்கினோம். அடுப்பைச் சுற்றிப் பெஞ்சு, சுவர் முழுக்க அடுக்கிவைத்துத் துலக்கிய செம்புப் பாத்திரங்கள். மரத்தட்டில் தலாய் லாமா படம், அதற்குப் பக்கத்தில் காட்மாண்டு போர்டிங் பள்ளியில் படிக்கும் மகளின் சீருடைப் படம். அந்தப் பள்ளத்தாக்கில் கையில் கொஞ்சம் காசு சேர்ந்த வீடுகள் பிள்ளைகளை இப்படித்தான் காட்மாண்டுக்கு அனுப்பிவிடும். அவர் மனைவி என் தட்டில் சோற்றைக் குவித்துக்கொண்டே இருந்தார். போதும் என்று கையால் மறைத்தால் கையை எடுத்துவிட்டுப் போட்டார். மேலே போகிறவர்களுக்கு வயிறு காலியாக இருக்கக் கூடாதாம். காலையில் கணக்குப் பார்க்கும்போது நான் வாங்கிய டாய்லெட் பேப்பருக்கும் சரியாகக் காசு வாங்கிக்கொண்டார். எனக்கு அந்தக் கறார் பிடித்திருந்தது.

கியான்ஜினில் பௌத்த மடமான கோம்பாவுக்குப் பின்னாலிருந்த பெரிய பாறையில் கயிறு கட்டிப் பயிற்சி. ஹார்னஸை எப்படி மாட்டுவது, கயிற்றைப் பிடித்து ஏற உதவும் ஜுமாரை எப்படித் தள்ளுவது, முடிச்சைத் தாண்டும்போது எதை முதலில் மாற்றி மாட்டுவது. ஷெர்ப்பா தம்பி ஒவ்வொருவரின் முடிச்சையும் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பான், அதன் பிறகுதான் “ஓகே” வரும். பெங்களூர்க்காரர் கீழே கிடந்த கயிற்றின் மேல் பூட்ஸ் காலை வைத்துவிட்டார். அதுவரை குரல் உயர்த்தாதவன் சட்டென்று கத்தினான். மிதித்த கயிற்றுக்குள் சின்னக் கல் ஏறிக்கொள்ளும், அது உள்ளேயிருந்து நாரை அறுக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. கயிறு அவனுடைய சொந்தக் கயிறு வேறு.

யாலா அடிவார முகாமுக்குப் போன அன்று ராத்திரியே பனி விழத் தொடங்கிவிட்டது. விடிவதற்கு முன் கிளம்ப வேண்டியவர்கள் நாங்கள். ஒரு மணி வாக்கில் தாஜுவும் ஷெர்ப்பாவும் வெளியே போய் நின்று பார்த்துவிட்டு வந்து, இன்றைக்கு இல்லை என்றார்கள். பெங்களூர்க்காரர் முனகினார். கூடுதலாக ஒரு நாள் கையில் வைத்துத்தானே வந்திருக்கிறோம், நாளைக்குப் போவோம் என்று தாஜு சமாதானம் சொன்னார். பொழுது விடிந்தும் மேகம் இறங்கியே இருந்தது. ஏப்ரல் 25, சனிக்கிழமை.

11 மணி 56 நிமிஷத்துக்கு நாங்கள் மெஸ் டென்ட்டில் சீட்டாடிக்கொண்டிருந்தோம். நேரம் அப்போது தெரியாது, பின்னால் உலகத்துக்கே தெரிந்த நேரம் அது. முதலில் கெட்டில் மூடி தட்டியது. அடுப்பைப் பக்கத்தில் யாரோ இழுக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த கணம் மேஜை கையை விட்டுப் போயிற்று. வெளியே தவழ்ந்து வந்து பார்த்தால், முறத்தில் புடைக்கிற அரிசி மாதிரி தரையில் கிடந்த சின்னக் கற்கள் எல்லாம் எம்பி எம்பி விழுந்துகொண்டிருந்தன. நிற்க முடியவில்லை. சமையல்காரர் மட்டும் எங்களுக்கு எதிர்த்திசையில் டென்ட்டுக்குள் ஓடினார். ஸ்டவ்வை அணைக்க.

ஆட்டம் நின்ற பிறகு சத்தம் வந்தது. இடி ஒரு பக்கத்திலிருந்து வரும். இது எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. மேகத்துக்குள் எந்த மலை விழுகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை, காதுக்கு எல்லாமே விழுந்தன. “பாறைக்குப் பின்னாடி! குப்புற! வாயை மூடு!” என்று ஷெர்ப்பா ஒவ்வொருவராகப் பிடித்துத் தள்ளினான். பொடிப்பனி காற்றோடு வந்து முதுகில் அறைந்தது. ஜாக்கெட் காலருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு மூச்சு விட்டேன். காற்று ஓய்ந்து தலைதூக்கியபோது டென்ட்டுகள் படுத்திருந்தன, மெஸ் டென்ட்டின் ஒரு கம்பு முறிந்திருந்தது. எல்லோரும் இருந்தோம். ஜெர்மன் ஆசிரியரின் கையில் இன்னமும் சீட்டுகள் இருந்தன. அரை மணி கழித்து மறுபடியும் ஆடியது.

எங்கே மையம், எவ்வளவு பெரிது என்றெல்லாம் அங்கே யாருக்கும் தெரியாது. கோர்க்கா மாவட்டத்தில், 7.8 அளவில், நேபாளம் முழுவதும் ஏறக்குறைய 9,000 பேரைக் கொன்ற நிலநடுக்கம் அது என்பதெல்லாம் பிறகு வந்த சேதி. அப்போதைக்குத் தெரிந்தது எங்கள் முகாமும் அதைச் சுற்றியிருந்த மேகமும்தான். தாஜு மேற்கே, பள்ளத்தாக்கு இறங்கும் திசையில் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்து, “எல்லாத்தையும் கட்டுங்க. டென்ட் ஒண்ணு விடாம. மண்ணெண்ணெய், அரிசி, கயிறு, எல்லாம்” என்றார். சாமானை விட்டுவிட்டு வேகமாக இறங்கலாமே என்று பெங்களூர் அம்மா கேட்டார். “கீழே வீடு நிக்காது, மேடம். ராத்திரி எங்க படுப்பீங்க?”

அவருடைய வீடும் கீழேதான் இருந்தது. கல்லை அடுக்கிக் கட்டிய வீடு.

கியான்ஜினுக்கு இறங்கி வந்தபோது அவர் சொன்னது சரியாக இருந்தது. சுவர்கள் வெளிப்பக்கமாகச் சரிந்து கிடந்தன. நிலநடுக்கத்தில் தப்பியவற்றை மேலிருந்து வந்த சரிவின் காற்று முடித்திருந்தது. தகரக்கூரைகள் வயலில் கிடந்தன. அங்கேயும் உயிர்ச்சேதம். மிஞ்சியவர்கள் ஊருக்கு மேலே திறந்தவெளியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வழிப்போக்கர்களும் ஊர்க்காரர்களும் கலந்து. அடிபட்டவர்களை லாட்ஜ் கதவுகளில் படுக்கவைத்துத் தூக்கி வந்தார்கள்.

எங்கள் மெஸ் டென்ட், முறிந்த கம்புக்கு மரக்கட்டையை வைத்துக் கட்டியதும், ஆஸ்பத்திரியானது. சமையல்காரர் அரை மணி நேரத்தில் அடுப்பு மூட்டி அண்டா நிறைய டீ போட்டார். ஷெர்ப்பா தம்பி கத்தியை எடுத்து அந்தக் கயிற்றை, பூட்ஸ் பட்டதற்குக் கத்தினானே அதே கயிற்றை, துண்டு துண்டாக நறுக்கினான். சில துண்டு தார்ப்பாய் கட்ட, சில துண்டு கம்பளியில் தொட்டில் மாதிரி முடைந்து ஆள் தூக்க. ஒவ்வொரு முடிச்சையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். நாங்கள் கற்றுக்கொண்ட எட்டு முடிச்சு எங்களுக்கும் அங்கே உபயோகப்பட்டது. மலையில் அதைப் போடவே இல்லை.

இருட்டுகிற நேரத்தில் கீழே, லாங்டாங் போகும் வழியிலுள்ள முண்டு பக்கமிருந்து ஓர் ஆள் ஏறி வந்தார். தலையெல்லாம் வெள்ளைப்பொடி. லாங்டாங் இல்லை என்றார். எந்த வீடு போயிற்று, யாருக்கு அடி என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவர் அதையே திரும்பச் சொன்னார். தாஜு கூட்டத்திலிருந்து விலகி எங்கள் டென்ட்டுக்கு வந்தார். விளக்கைத் தூக்கி எங்களை எண்ணினார். எல்லோருக்கும் தூக்கப்பை இருக்கிறதா, ஒன்றைக் கொடுத்துவிட்டு இரண்டு பேர் ஒன்றில் படுக்க முடியுமா என்று கேட்டார். சமையல்காரரிடம் காலைக்கு என்ன சமைப்பது என்று சொன்னார். பிறகு சமையல் உதவிக்கு வந்திருந்த அண்ணன் மகனையும் கூட்டிக்கொண்டு டார்ச்சோடு இறங்கிப் போனார். ஷெர்ப்பா அவர்கள் பின்னால் போகப் பார்த்தான். “நீ போனா இவங்களை யார் பாக்கிறது?” என்று அவனை நிறுத்திவிட்டார்.

லாங்டாங் ஊருக்கு நேர் மேலே இருப்பது லாங்டாங் லிருங், 7,227 மீட்டர். ஊரிலிருந்து அண்ணாந்து பார்த்தால் சிகரம் தெரியாது, செங்குத்தான பாறைச் சுவர்தான் தெரியும். அந்தச் சுவரே காலங்காலமாக ஊருக்குக் காவல் என்று நம்பியிருந்தார்கள். நிலநடுக்கத்தில் உயரத்திலிருந்த பனியும் பனிப்பாறையும் கல்லும் ஒன்றாகப் பிடிவிட்டு வந்து, அந்தச் சுவரின் விளிம்பிலிருந்து அந்தரத்தில் விழுந்தன. அந்தக் குளிர்காலத்தில் இயல்புக்கு மீறிப் பனி சேர்ந்திருந்ததும் சேர்ந்துகொண்டது என்று பின்னால் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கீழே வந்து குவிந்தது ஏறக்குறைய 70 லட்சம் கன மீட்டர். ஊர் அதற்கு அடியில். விழுந்த வேகத்தில் கிளம்பிய காற்று ஆற்றைத் தாண்டி எதிர்மலையில் மோதி, அங்கிருந்த காட்டை உச்சிநோக்கிச் சாய்த்துவிட்டது. குவியலுக்கு எட்டாத வீடுகளைக் காற்று எடுத்துக்கொண்டது. பாறைச் சுவரை ஒட்டி, அதன் குடைவுக்குள் இருந்த ஒரே ஒரு கட்டடம் நின்றது.

இந்த விவரமெல்லாம் எனக்குக் கட்டுரைகள் படித்துத் தெரியவந்தது. மறுநாள் திரும்பி வந்த தாஜு சொன்னது இவ்வளவுதான்: “வீடு எந்த இடம்னு தெரியல, திதி. ஆறு எங்கன்னு தெரியல. சத்தம் மட்டும் பனிக்கு அடியில கேக்குது. எதிர்க்கரையில மரமெல்லாம் மேல பாத்துக் கிடக்கு.” சமையல்காரர் தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் மகன் எங்கே படுத்திருக்கிறான் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மதியம் ஒரு மணியை ஒட்டி பெரிய பின்னதிர்வு வந்தது, 6.7. மலைகள் மறுபடியும் இறங்கின. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நாங்கள்தான் ஓடினோம்.

நிலநடுக்கம் வந்த அன்று லாங்டாங்கில் ஒரு பெரியவருக்கு கேவா நடந்துகொண்டிருந்தது. செத்தவருக்குச் செய்கிற சடங்கு, நம்மூர்க் கருமாதியைப் போல ஊர் கூடுகிற காரியம். அதற்காக மேய்ச்சல் இடங்களிலிருந்தும் பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்தும் கிழவர்களும் கிழவிகளும் இறங்கி வந்திருந்தார்கள். தாஜுவின் மனைவி அங்கே சமையலுக்கு உதவப் போயிருப்பாள் என்று யாரோ சொன்னார்கள். வீட்டில் இருந்தாலும் அதே கதிதான். பள்ளத்தாக்கில் மொத்தம் 300 பேருக்கு மேல் செத்தார்கள், ஊர்க்காரர்கள் மட்டுமே 170க்கு மேல். காட்மாண்டுப் பள்ளிகளில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் தப்பினார்கள்.

அடுத்துச் சொல்லப்போவதைப் பற்றி அந்தப் பள்ளத்தாக்கில் இருந்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தது.

மேகம் விலகி ஹெலிகாப்டர்கள் வரத் தொடங்கியதும் யார் முதலில் என்ற கேள்வி வந்தது. சில ஹெலிகாப்டர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டன. வெளிநாட்டில் இருக்கிற காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டி, இன்னாரை ஏற்றிவா என்று அனுப்பியவை அவை. கால் நசுங்கிய கிழவி கதவுப் பலகையில் கிடக்க, முதுகுப்பையோடு திடகாத்திரமான ஆள் கையைத் தூக்கிக்கொண்டு போவான். ஊர்க்காரர்கள் மறித்தார்கள். சத்தம், தள்ளுமுள்ளு. எங்கள் குழுவிலேயே பெங்களூர்க்காரர் தன் தாளை எடுத்துக்கொண்டு ஓடினார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் மனைவி இரண்டு நாளாகப் பேசாமல் வெறித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது ஒன்றுதான் கண்ணில் தெரிந்திருக்கும். ஆனால் நான் நினைப்பது வேறு. பணம் கட்டியவனுக்குச் சேவை என்ற ஒழுங்கை நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் அந்தப் பள்ளத்தாக்குக்குள் கொண்டுவந்தோம். கஷ்டம் வந்த நாளில் அது தன் வேலையைச் சரியாகவே செய்தது. அதன்படி பார்த்தால், எங்களுக்குக் காப்பீடு இருந்தது. ஷெர்ப்பாவுக்குக் கைடு என்ற கணக்கில் இருந்தது. எங்களுக்குச் சோறு போட்ட லாட்ஜ்காரிக்கு எந்தக் கணக்கிலும் இல்லை, அவள் யாருடைய வேலையாளும் அல்ல.

கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் சிலர், கைடுகள், விவரம் தெரிந்த வெளிநாட்டவர் சிலர் உட்கார்ந்து ஒரு வரிசை போட்டார்கள். காயம்பட்டவர்கள், கைக்குழந்தைக்காரிகள், கிழங்கள், பிறகு மற்றவர்கள். அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதியது எங்கள் தாஜு. எங்கள் பயணத்துக்கான நோட்டு அது. முதல் பக்கங்களில் யாருக்கு முட்டை ஆகாது, யாருக்கு எத்தனை நம்பர் பூட்ஸ் என்று எழுதியிருந்தார். அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து பெயர்கள். ஹெலிகாப்டர் இறங்கும் புழுதியில் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, வரிசையில் முந்துகிறவர்களைப் பெயர் சொல்லிப் பின்னுக்கு அனுப்பினார். அவரிடம் யாரும் அதிகம் வாதாடவில்லை. அவர் வீட்டு விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எங்கள் முறை வந்தபோது கையிலிருந்த பணத்தையெல்லாம் ஒன்றாக்கி அவரிடம் கொடுத்தோம். மலைப்பயணம் முடிகிற நாளில் உறையில் போட்டு டிப்ஸ் கொடுப்பது வழக்கம். இது அதற்கில்லை, உங்களுக்கு, மகளுக்கு என்று ஜெர்மன் ஆசிரியர் சொன்னார். தாஜு உறையைப் பிரித்து அங்கேயே எண்ணினார். சமையல்காரருக்கு இவ்வளவு, ஷெர்ப்பாவுக்கு இவ்வளவு, போர்ட்டர்களுக்குத் தலைக்கு இவ்வளவு, சமையல் பையனுக்கு இவ்வளவு. வழக்கமான விகிதம், ஒரு ரூபாய் கூடக் குறைய இல்லை. தன் பங்கை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஹெலிகாப்டர் சத்தத்தில் நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது. அவர் குனியச் சொல்லி என் தலையை அழுத்தியது ஞாபகமிருக்கிறது, இறக்கை தலையில் படாமல் இருக்க.

காட்மாண்டு விமான நிலையத்தில் இந்தியர்களைக் கூட்டிப்போக விமானப்படை விமானங்கள் நின்றன. தொலைக்காட்சிகள் எவரெஸ்ட் அடிவார முகாமைக் காட்டிக்கொண்டிருந்தன. அங்கேயும் அதே நிமிஷத்தில் சரிவு விழுந்து இருபது பேரளவில் செத்திருந்தார்கள். அங்கே காமிராக்கள் இருந்தன. லாங்டாங்கை உலகம் மெதுவாகத்தான் கண்டுபிடித்தது. ஊருக்கு வந்த சில வாரத்தில் ஏஜென்சியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பயணம் முழுமையடையாததற்கு வருத்தமாம், அடுத்த பருவத்தில் யாலாவுக்கே வந்தால் கட்டணத்தில் தள்ளுபடியாம். எழுதியவர் மேல் கோபம் வரவில்லை. அவர் கடைக்கும் வாடகை கட்ட வேண்டும்.

பள்ளத்தாக்கைக் காலிசெய்து மிஞ்சியவர்களைக் காட்மாண்டு சுயம்புநாத்தை ஒட்டிய ஒரு மடத்தின் வளாகத்தில் தங்கவைத்தார்கள். மஞ்சள் கோம்பா என்று அதைச் சொல்வார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு தார்ப்பாய். மகளும் அங்கே வந்து சேர்ந்துவிட்டாள் என்று தாஜு தொலைபேசியில் சொன்னார். 49ஆம் நாள் காரியத்தையும் அங்கேயே செய்தார்களாம். உடல் கிடைக்காத நிறையப் பேருக்கு எழுதிவைத்த பெயரை முன்னால் வைத்து. அந்த நோட்டிலிருந்தா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

சிலர் அந்த வருஷமே திரும்பி ஏறினார்கள். வீடு கட்ட அரசாங்கம் கொடுத்த மானியம் முதலில் 2 லட்சம், பிறகு 3 லட்சம் நேபாள ரூபாய். சாலை இல்லாத ஊருக்குச் சிமென்ட்டும் தகரமும் கோவேறு கழுதை முதுகில் போக வேண்டும், அவசரமென்றால் ஹெலிகாப்டரில். 3 லட்சத்தில் அடித்தளம் தாண்டாது. மிச்சத்துக்குக் கடன். கடனை அடைக்க ஒரே வழி மறுபடியும் ஆட்கள் வர வேண்டும், தங்க வேண்டும், ஏற வேண்டும்.

2017இல் நான் திரும்பப் போகிறேன் என்றதும் இங்கே சிலர் முகம் சுளித்தார்கள். அவ்வளவு பேர் புதைந்த இடத்தில் போய் உல்லாசமாக மலையேறுவதா என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அங்கே போனால் நிலைக்காது. லாட்ஜ் வாசலில் நின்று, “எங்க தங்கறீங்க? நம்ம வீட்டுல ஹாட் ஷவர் இருக்கு” என்று கூப்பிடுகிற பெண்ணின் அண்ணனும் அம்மாவும் அந்தக் குவியலுக்குள் இருக்கிறார்கள். அவளிடம் போய் மரியாதைக்காக நாங்கள் வராமல் இருந்தோம் என்று யார் சொல்வது?

பாதை இப்போது குவியலின் மேலேயே போகிறது. சாம்பல்நிறக் கல்லும் மண்ணும், இடையில் ஒரு தகரத்தின் முனை, ஒரு பூட்ஸ். பெயர்கள் பொறித்த மணிச்சுவர் என்ற பிரார்த்தனைச் சுவரைச் சுற்றிக்கொண்டு நடந்தால் சற்று மேலே புது ஊர். வரிசையாக நீலக்கூரைகள், முன்னைவிடப் பெரிய ஜன்னல்கள். எங்கே கட்டுவது, யாருக்கு எவ்வளவு இடம் என்று அண்ணன் தம்பிகளுக்குள் சண்டைகளும் நடந்திருந்தன. துக்கம் எல்லோரையும் நல்லவர்களாக்கிவிடும் என்று வெளியாட்களுக்குத்தான் ஓர் ஆசை.

தாஜுவின் லாட்ஜில் செம்புப் பாத்திரங்கள் இல்லை. அலமாரியில் புது எவர்சில்வர். காட்மாண்டுப் படிப்பை முடித்துவிட்டு வந்திருந்த மகள்தான் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் போலவே கறார். அண்ணன் மகன் ஜப்பானுக்கு வேலைக்குப் போகக் காத்திருந்தான். ஷெர்ப்பா தம்பி எவரெஸ்ட்டுக்கே திரும்பிவிட்டானாம், அங்கேதான் காசு.

“யாலா பாக்கியிருக்கே, திதி. இந்தத் தடவை போயிடலாமா?” என்றார் தாஜு. எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். ஒரு தொகை சொன்னார். பழைய ஏஜென்சி சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகம். ஏன் என்றேன். கயிறு புதிதாக வாங்க வேண்டியிருந்தது, போர்ட்டர்களின் காப்பீட்டை இப்போது அவரே கட்டுகிறார், ஏஜென்சியை நம்புவதில்லை, ரசீது மகளிடம் இருக்கிறது, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். சாப்பாட்டுச் செலவையாவது குறைக்கச் சொல்லிக் கேட்டேன். கல்லாவிலிருந்து மகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அதெல்லாம் முடியாது, டாய்லெட் பேப்பரும் தனி என்றாள்.